மாலை ஒரு மணி நேரம்: பாலசமுத்திரத்துப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலசமுத்திரத்தில் பள்ளிப் பிள்ளைகளை வளர்த்துவரும் தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும், அந்தப் பிள்ளைகளை மடியில் இருத்திப் பருப்புச் சோறு ஊட்டி ஆளாக்கிய அப்பத்தாமார்க்கும் அம்மாச்சிமார்க்கும்,

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வாசிக்கிற நம் குமாரர்களும் குமாரிகளும் வாங்கப் போகும் மதிப்பெண்களைப் பற்றி இந்த ஊரில் திண்ணைதோறும் நடக்கிற சம்பாஷணைக்குக் குறைவே இல்லை. அதே பிள்ளைகளுடைய இடுப்பின் சுற்றளவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ ஒருவர் வாயைத் திறந்தால், அது கண்ணேறு என்றும், பொறாமை என்றும், சில வீடுகளில் வெளிப்படையான அவமதிப்பு என்றுமே கொள்ளப்படுகிறது. அப்படிக் கொள்ளப்படும் என்பதை நன்றாக அறிந்துகொண்டே இதை எழுதுகிறேன். பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையிலான பிராயத்தில், அளவுக்கு மீறிச் சதை போட்ட சரீரத்தினுள் இருதயத்துக்கும் கல்லீரலுக்கும் என்ன நேர்கிறது என்பதையும், அதை நேரவிடாமல் தடுப்பதற்கு நம் கைவசம் இருக்கிற ஒரு எளிய சாதனத்தை நாமே எப்படிப் பறித்துக்கொண்டிருக்கிறோம் என்பதையும் சொல்வதே என் நோக்கம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். குழந்தை பூசினாற்போல் இருக்க வேண்டும், கன்னம் உப்பியிருக்க வேண்டும், கையில் மடிப்பு விழ வேண்டும் என்று நம் வீட்டு மூதாட்டிகள் ஆசைப்பட்டதில் அறியாமை ஏதும் இல்லை. தாது வருஷத்துப் பஞ்சம் என்று தலைமுறை தலைமுறையாக நடுங்கிச் சொல்லப்பட்ட 1876 முதல் 1878 வரையிலான காலத்தில், சென்னை ராஜதானியில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்த ஞாபகம் வடுவாகிப்போன ஒரு சமூகத்துக்கு, சதைப்பிடிப்புள்ள குழந்தை என்பது சாவை ஜயித்துவந்த குழந்தை. காமராஜர் காலத்தில், 1956-இல், பள்ளிக்கூடங்களில் மதிய உணவு ஆரம்பமானதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விஸ்தரித்ததும் பசியை எதிர்த்து நடந்த யுத்தங்கள். அந்த யுத்தத்தில் வளர்ந்தவர்களே இன்றைய தாத்தாக்களும் பாட்டிகளும். ஆகவே, "இன்னும் ஒரு வாய்" என்று அவர்கள் வற்புறுத்துவதைப் பரிகாசம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் சத்துரு மாறிவிட்டான் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

மாரடைப்பு என்பது ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் வியாதி என்ற நம்பிக்கை, சென்ற நூற்றாண்டின் நடுவிலேயே ஆட்டங்கண்டுவிட்டது. கொரிய யுத்தத்தில் மாண்டுபோன அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேருடைய இருதயங்களை ஈனோஸ் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் பரிசோதித்து 1953-இல் வெளியிட்ட முடிவு வைத்திய உலகத்தையே திடுக்கிடச் செய்தது. சராசரியாக இருபத்திரண்டே வயதான, போருக்குத் தகுதியான திடகாத்திரர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த வாலிபர்களில் நூற்றுக்கு 77 பேருடைய இருதய நாளங்களில் நோயின் அடையாளம் அப்போதே இருந்தது. இருபத்திரண்டு வயதில் இருக்கிறதென்றால் அது தொடங்கியது எப்போது? இந்தக் கேள்வியோடு ஜெரால்ட் பெரன்சன் என்பவர் லூயிசியானா மாகாணத்தில் போகலூசா என்ற சிறிய ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள குழந்தைகளை 1973 முதல் வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்துவந்தார். விபத்து முதலிய காரணங்களால் இளமையில் இறந்துபோனவர்களின் உடல்களைச் சோதித்தபோது, பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதய நாளங்களில் கொழுப்புக் கீற்றுகள் காணப்பட்டன. உடற்பருமனும், இரத்த அழுத்தமும், இரத்தத்திலுள்ள கொழுப்பும் கூடக்கூட அந்தக் கீற்றுகளும் தடிப்புகளும் கூடியிருந்தன என்பதே அந்த ஆராய்ச்சியின் சாரம்.

பாலாறு-பொருந்தலாறு அணையிலிருந்து வருகிற வாய்க்காலில் வண்டல் படிவதைப் பார்த்துப் பழகிய நாம், இரத்தக் குழாயிலும் கொழுப்பு அப்படித்தான் படிகிறது என்று எண்ணிக்கொள்வது சுலபம். ஆனால் அந்த உவமை பாதிதான் சரி. வண்டல் கரையின்மேல் படிகிறது, தூர்வாரினால் போய்விடுகிறது. கொழுப்போ நாளத்தின் உட்சுவருக்கு அடியில் புகுந்து, அங்கே வீக்கத்தை உண்டாக்கி, அந்தச் சுவரின் ஓர் அங்கமாகவே ஆகிவிடுகிறது. நோவில்லை, காய்ச்சலில்லை, பிள்ளை துள்ளிக்கொண்டுதான் இருக்கிறான். இதனாலேயே நாம் ஏமாந்துபோகிறோம்.

வயிற்றைச் சுற்றிச் சேருகிற கொழுப்பு வெறும் பாரமாகக் கிடப்பதில்லை. அது ஓயாமல் ரசாயனங்களை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அவற்றின் காரணத்தால், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்பிவைக்கிற இன்சுலின் என்ற சுரப்புநீரின் சொல் எடுபடாமல் போகிறது. ஒரு மடங்கு இன்சுலினால் நடக்க வேண்டிய காரியத்துக்குக் கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுரந்து ஈடுகொடுக்கிறது. எஞ்சிய சக்தி கல்லீரலில் கொழுப்பாகப் படிகிறது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறி, இருதயத்துக்கு ஹிதமான கொழுப்பு இறங்குகிறது. சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் தயங்க, இரத்த அழுத்தமும் மெல்ல உயர்கிறது. பெண் குழந்தைகளிடத்தில் இதே கோளாறு மாதவிலக்குத் தவறுவதாகவும், முகத்தில் ரோமமாகவும், "நீர்க்கட்டி" என்று வீடுகளில் ரகசியமாகப் பேசப்படுகிற சினைப்பைத் தொந்தரவாகவும் தலைகாட்டுவது உண்டு. இத்தனை அக்கிரமத்துக்கும் சரீரம் வெளியே காட்டுகிற சமிக்ஞை பெரும்பாலும் ஒன்றே ஒன்று: பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணிபோல் தடித்துப் படர்கிற கறுப்பு. அதை அழுக்கு என்று எண்ணிப் பயற்றமாவும் மஞ்சளும் பீர்க்கங்கூடும் கொண்டு தாய்மார்கள் தேய்க்கிற தேய்ப்பில் பிள்ளையின் தோல்தான் புண்ணாகிறதே தவிர, கறுப்புப் போவதில்லை. அம்மா, அது அழுக்கன்று. இன்சுலின் தடுமாறுகிறது என்று உள்ளேயிருந்து வந்திருக்கிற கடுதாசி.

"எங்கள் பையன் ஒன்றும் அப்படிக் குண்டு இல்லையே" என்று சொல்லி இந்த மடலை மடித்துவைக்க நினைக்கிறவர்கள் சற்றே பொறுக்க வேண்டும். பூனா நகரத்து கே.ஈ.எம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக் என்பவர், பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்து ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார். பூனாவைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தில் சௌதாம்டன் நகரத்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. நம் குழந்தைகள் தசையிலும் உறுப்புகளிலும் மிகவும் பின்தங்கியிருந்தும், தோலுக்கடியிலுள்ள கொழுப்பில் மட்டும் அவ்வளவாகப் பின்தங்கவில்லை. மெலிந்து தோன்றினாலும் உள்ளே கொழுப்புடையவர்கள், பிறவியிலேயே! கர்ப்பத்தில் தாய்க்கு வாய்த்த அரைவயிற்று உணவுக்கு ஏற்பத் தன்னைக் குறுக்கிக்கொண்ட சரீரம், பிறகு பேக்கரியும் புரோட்டாவும் நிறைந்த உலகத்தில் வளர நேர்ந்தால் திணறாமல் என்ன செய்யும்? மத்திய சுகாதார அமைச்சகம் 2016 முதல் 2018 வரை நாடு தழுவி நடத்திய ஊட்டச்சத்து ஆய்வில், பத்து முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களில் அதிக எடையுடையோர் நூற்றுக்கு 5 பேர்; நீரிழிவின் வாசற்படியில் நின்றோரோ நூற்றுக்கு 10 பேர்; டிரைகிளிசரைடு மிகுந்தவர்கள் 16 பேர்; இரத்த அழுத்தம் உடையோர் 5 பேர். கனத்தவர்கள் ஐந்தும் தடுமாறுகிறவர்கள் பத்துமாக இருந்தால், தராசு காட்டிக்கொடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கனத்த பிள்ளைக்கு ஆபத்து மிகுதி என்பதில் ஐயமில்லை. ஒல்லியாக இருப்பதால் மட்டும் யாரும் தப்பிவிடுவதில்லை என்பதும் அதே அளவு உண்மை.

இதில் செல்வத்துக்கு உள்ள பங்கு கூர்ந்து நோக்கத்தக்கது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் அந்த நகரத்தில் 51 பள்ளிகளைச் சேர்ந்த பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை அளந்தபோது, தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் எடை மிகுந்திருந்தார்கள். அரசுப் பள்ளிகளிலோ நாலு பேர்கூட இல்லை. காரணத்தைத் தேட நாம் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. பதினோராம் வகுப்புக்கு வந்த அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு சர்க்கார் ஒரு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கிறது. கட்டணம் செலுத்திப் படிக்கிற பிள்ளைக்கு வீட்டு வாசலில் மஞ்சள் வேன் வந்து நிற்கிறது. காசு கொடுத்து நாம் வாங்குகிற சௌகரியங்களுள் முதன்மையானது, பிள்ளை நடக்க வேண்டாத சௌகரியமே! தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடந்து பழனிக்கு வருகிறவர்களை வருஷந்தோறும் தரிசிக்கிற பக்கத்து ஊர்க்காரர்களாகிய நமக்கு, கூப்பிடு தூரத்திலுள்ள டியூஷனுக்குப் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போவது வினோதமாகவே தோன்றவில்லை.

இனி அந்தப் பிள்ளையின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் புத்தகம், வேனில் உட்கார்ந்து பள்ளி, அங்கே வகுப்புகளோடு சிறப்பு வகுப்பு, பிள்ளைகள் "பி.டி. பீரியட்" என்று ஆவலோடு காத்திருக்கிற தேகப்பயிற்சி நேரம் பொதுத்தேர்வு வருஷங்களில் கணக்குக்கும் இயற்பியலுக்கும் தானமாகிவிடுகிறது; மாலையில் வந்ததும் வராததுமாக, படித்துக் களைத்தானே என்ற வாஞ்சையினால் ஒரு முட்டைப் பப்ஸ், ஒரு கிரீம் பன், ஒரு சீசா குளிர்பானம்; பிறகு டியூஷன்; இரவு ஒன்பதரைக்குப் புரோட்டாவும் சால்னாவும்; அதன்மேல் படுக்கையில் கைபேசி வெளிச்சத்தில் நடுநிசி வரை விழிப்பு. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டுகிற சுரப்புகள் பெருகும் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் பிள்ளையினுடைய பெருந்தீனியோ சோம்பலோ எங்கே இருக்கிறது? முழுக்க முழுக்கப் பெரியவர்களாகிய நாம் நேரம் குறித்து, கட்டணம் செலுத்தி, வாகனம் அமர்த்தி உண்டாக்கிய திட்டம் இது. ஐந்து முதல் பதினேழு வயதுவரை தினந்தோறும் ஒரு மணி நேரமாவது வியர்க்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. 2016-ஆம் வருஷத்துக் கணக்கின்படி உலகத்தில் பதினொன்று முதல் பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு அது வாய்க்கவில்லை. பெண்களில் 85 சதவீதம், ஆண்களில் 78. வயதுக்கு வந்த பெண்ணைத் தெருவில் ஓடவிடாத ஊரில் அந்த 85 என்ற எண்ணைப் பார்த்து ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இவற்றை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நீண்டகால ஆராய்ச்சி சாட்சி சொல்கிறது. பத்து முதல் பதினேழு வயதுக்குள் இரண்டாம் வகை நீரிழிவு கண்டவர்களை, அவர்களுக்குச் சராசரியாக இருபத்தாறு வயது ஆகும்வரை தொடர்ந்து பார்த்ததில், மூவரில் இருவருக்கு இரத்த அழுத்தமும், பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகக் கோளாறும், மூவரில் ஒருவருக்கு நரம்புக் கோளாறும் வந்துவிட்டிருந்தன. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க வேண்டிய வயது அது. இஸ்ரேல் தேசத்தில் சுமார் பதினேழு வயதில் ராணுவத்துக்காக அளக்கப்பட்ட 23 லட்சம் பேரின் பிற்கால வரலாற்றை ஆராய்ந்தபோது, இளமையில் உடற்பருமன் உச்சத்தில் இருந்தவர்கள் பின்னாளில் இருதய நாள வியாதியால் மரித்த விகிதம் இயல்பான எடையில் மெலிந்திருந்தவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது.

பயமுறுத்துவதற்காக இதை நான் சொல்லவில்லை. ஏனெனில் இதைக் காட்டிலும் முக்கியமான இன்னொரு செய்தி இருக்கிறது. பின்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் குழந்தைப் பிராயம் முதல் கவனிக்கப்பட்ட ஆறாயிரத்துச் சொச்சம் பேரை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு இது: சிறுவயதில் பருத்திருந்தும், வளர்ந்தபின் அந்தப் பருமன் நீங்கியவர்களுக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, நாளத் தடிப்பு ஆகியவற்றின் அபாயம், ஒருபோதும் பருத்திராதவர்களுக்கு இருந்த அளவே இருந்தது. இளமையின் கணக்கு இளமையிலேயே தீர்க்கப்பட்டால் வட்டி ஏறுவதில்லை. நாற்பது வயதில் வைத்தியரிடம் ஓடுவதைக் காட்டிலும் பதினாலு வயதில் மைதானத்துக்கு ஓடுவது எத்தனையோ சல்லிசு.

ஆகாரத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை; தாய்மார்களுக்கு ஆகாரத்தைப் பற்றி உபதேசம் செய்வது எனக்கு உவப்பானதும் அன்று. பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம், உடல் இளைக்கும் பொடி என்று விற்கப்படுகிற எதையும் வாங்க வேண்டாம். வளர்கிற பிள்ளைக்கு எடையைக் குறைப்பதைவிட, எடை ஏறாமல் நிறுத்தி, உயரம் ஏறவிடுவதே பெரும்பாலும் போதுமான சிகிச்சை. கால் லிட்டர் குளிர்பானங்கள் பலவற்றில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நாள் முழுவதற்கும் அதற்குள் நிறுத்திக்கொண்டால் மேலும் நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிற அளவே அவ்வளவுதான். ஆகையால் முதலில் வீட்டை விட்டு வெளியேற வேண்டியது அந்தச் சீசா. தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று பக்கத்து ஒட்டன்சத்திரத்தில் கூடுகிறது. ஆயக்குடிக் கொய்யாவோ வெளியூர்க்காரர்கள் விசாரித்து வாங்கிப்போகிற பண்டம். அவை நமக்கு அண்டையில் இருக்க, பிள்ளையின் பையில் காற்றடைத்த உப்புப் பொட்டலங்கள் கிடப்பதைப் பார்த்தால் வருத்தத்தைவிட வியப்பே அதிகமாகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்தின்மேல் எனக்கு விரோதமில்லை. அது பிரசாதம், பிரசாதத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு விரல் வழித்து உண்ட பெரியவர்களுக்கு அளவு தெரிந்திருந்தது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியே என் ஆட்சேபம்.

பருத்த பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டில் சப்பாத்தியும், மற்றவர்களுக்கு வறுவலும் பரிமாறுகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அது வைத்தியமன்று, தண்டனை. "குண்டு", "பூசணி" என்று சித்தப்பன்மாரும் அத்தைமாரும் விசேஷ வீடுகளில் செய்கிற கேலியினால் எந்தப் பிள்ளையும் இளைத்ததில்லை. ஒளித்து உண்ணவும், விளையாட்டு மைதானத்தைக் கண்டு கூசவும் கற்றுக்கொண்ட பிள்ளைகளே உண்டு. மாறுவதானால் வீடு முழுவதும் ஒரே பாத்திரத்தில் மாற வேண்டும். தொந்தி பெருத்த தகப்பனாரும் அதில் சேர்த்தி.

பரிசோதனை செய்துகொள்ள வீட்டிலேயே வழி உண்டு. ஒரு கயிற்றைப் பிள்ளையின் உயரத்துக்கு அளந்து வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் சேர்ந்தால் நல்லது. சேரவில்லையென்றால், அல்லது பிடரி கறுத்திருந்தால், அல்லது பிள்ளை இரவில் பெருங்குறட்டை விட்டுப் பகலில் தூங்கிவழிந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பழனி அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப்போய் இரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பதின்மூன்று வயதுக்கு மேல் இரத்த அழுத்தம் 120-க்கு 80 என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். வெறும்வயிற்றுச் சர்க்கரை 100-க்குள் இருக்க வேண்டும். அரைஞாண் கயிறு கட்டிவிட்ட காலத்தில் இருந்த கவனம் அந்தப் பிள்ளையின் இடுப்பின்மேல் இன்னும் சில வருஷங்கள் தொடரட்டும் என்பதே என் விண்ணப்பம்.

ஆயினும், வீட்டுக்குள் செய்கிற காரியங்களெல்லாம் பிள்ளைகள் ஓடியாட வேண்டிய அந்த மாலை ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காவிட்டால் அரைகுறையாகவே நிற்கும்; அதைத் தனியொரு பெற்றோர் மீட்க முடியாது. தன் பிள்ளையை மட்டும் டியூஷனிலிருந்து நிறுத்தினால் அவன் பின்தங்கிவிடுவானோ என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துப் பயப்படுகிறோம். எல்லாரும் சேர்ந்து கேட்டால் பயப்பட ஒருவரும் இல்லை. ஆகவே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ, தனியார் பள்ளியானால் பெற்றோர் கூட்டத்திலோ, மூன்று சங்கதிகளைக் கேளுங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் கால அட்டவணையிலுள்ள தேகப்பயிற்சி நேரம் வேறு பாடத்துக்குக் கொடுக்கப்படாமல், ஆண்களுக்கும் பெண்களுக்கும் மைதானத்திலேயே நடக்க வேண்டும். பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதித்திருப்பதை நிர்வாகத்தார் வாசித்துக் காட்ட வேண்டும். டியூஷன் நடத்துகிற ஆசிரியர்கள் அனைவரும் மாலை ஆறு மணிக்கு முன் வகுப்பைத் தொடங்குவதில்லை என்று ஒரே மனதாக ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது கோரிக்கைக்கே எதிர்ப்பு அதிகம் வரும். ஆசிரியர்களிடமிருந்து வருவதைக் காட்டிலும் நம்மவர்களிடமிருந்தே அதிகம் வரும். அதற்கு விடை சொல்லத் தயாராகப் போங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்
ஊராரில் ஒருவன்